எச்சம்

சனிக்கிழமை, எட்டரை மணி, நான்காம் மாடி.
வூச் நகரத்தில் பஞ்சாலையாக இருந்த கட்டடம்.
இப்போது வார இறுதிகளில் இங்கே
தொண்டு நிறுவனம் நடத்தக் கற்றுத்தருகிறார்கள்.
முதுநிலைப் பட்டயம், இரண்டு பருவம்,
கட்டணத்தில் பாதி நாங்கள், பாதி ஏதோ நிதியம்.

பதினேழு பேர்.
தீயணைப்பிலிருந்து ஓய்வுபெற்று
நாய்க் காப்பகம் வைத்திருக்கும் லூபோமிர்.
கார்கிவிலிருந்து வந்து, பின்னால் வந்தவர்களுக்குப்
படிவம் நிரப்பித் தரும் ஒலேஸ்யா.
ஒரே ஓர் ஆற்றின் ஒரே ஒரு மீனுக்காகச்
சங்கம் தொடங்கிய இளைஞன், பெயர் மறந்து மறந்து போகிறது.
நான், வீடில்லாதவர்களின் துணி துவைக்கும் வேன்.
இரண்டு இயந்திரம், ஓர் உலர்த்தி,
வியாழனும் சனியும், ரயில் நிலையத்தின் பின்புறம்.
சனிக்கிழமைகளில் நான் இங்கே இருப்பதால்
அங்கே தமாரா தனியாக.

ஆசிரியை கிங்காவுக்கு இருபத்தொன்பது வயது.
எங்களில் பாதிப்பேருக்கு அந்த வயதில் பிள்ளைகள்.
“வினைச்சொல்லைப் பாருங்கள்” என்கிறாள்.
“உதவிவருகிறோம், கவனித்துக்கொண்டிருக்கிறோம்,
இதெல்லாம் வேண்டாம்.
விண்ணப்பத்தில், செய்து முடிப்போம்.
அறிக்கையில், செய்து முடித்தோம்.
போலிஷில் முடிந்த வினைக்கு நிகழ்காலமே கிடையாது,
பள்ளியில் படித்ததுதானே.”

படித்ததுதான்.
அது ஒருநாள் நிதி விதியாகத் திரும்பி வருமென்று
யார் கண்டது.

என் தாளில் இருப்பது:
அழுக்குத் துணியை வாங்கி, பையில் எண் ஒட்டி,
சட்டைப்பையைத் தடவிச் சீட்டையும் சில்லறையையும் எடுத்துவைத்து,
துவைத்து, அலசி, உலர்த்தி, மடித்து,
மடித்ததைக் கொடுத்து,
அடுத்த வாரம் அதே துணியை வாங்கி,

ஒரு முற்றும் இல்லை.
எல்லாம் எச்சம்.
வாக்கியம் நடந்துகொண்டே இருக்கிறது,
எழுவாய்க்குக் கால் வலிக்கிறது.

ஜன்னல் விளிம்பில் புறாக்கள்.
அவற்றின் எச்சத்தை யாரோ ஒருமுறை
சுத்தமாகச் சுரண்டியிருக்கிறார்கள்.
பணி நிறைவுற்ற தகவலைப்
புறாக்களுக்கு அனுப்பவில்லை போலும்.

“துவைத்தல் செயல், விளைவு அல்ல.
துவைத்ததால் என்ன மாறியது?”
சிவப்பு மை இல்லாமல் பென்சிலில் எழுதியிருக்கிறாள்,
அது ஒரு மரியாதை.

யோசிக்கிறேன்.
வால்டெமார். பச்சைக் கோட்டு, உள்துணி கிழிந்தது.
மூன்று குளிர்காலமாக அதே கோட்டு.
உலர்த்தி ஓடும் நாற்பது நிமிடமும்
என் ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு வேனுக்குள் குறுக்கெழுத்து போடுவார்.
வேலை கிடைக்கவில்லை, அறை கிடைக்கவில்லை,
குடியும் போகவில்லை.
மாறியது என்றால்,
கோட்டு சூடாக இருந்தது, பாலம் வரைக்கும்.
அளவீடு என்ற கட்டத்தில்
அறுநூறு மீட்டர் என்று எழுதினேன்.
கிங்கா அதை அடிக்கவில்லை. சிரிக்கவும் இல்லை.

இடைவேளையில், காப்பி இயந்திரத்துக்குச் சில்லறை தேடியபடி
அவளே சொன்னாள்:
இந்தப் படிப்பின் நிதி ஜூன் முப்பதோடு முற்று.
தன் வேலையும்.
நீட்டிப்பு கேட்டு இரவுகளில் எழுதிக்கொண்டிருக்கிறாளாம்,
பதினேழு பேர் திறன் பெற்றிருப்பார்கள் என்று.
“உங்களைத்தான் விளைவாகப் போட்டிருக்கிறேன்.”

அப்போது கைபேசி. தமாரா.
உலர்த்தியின் பெல்ட் அறுந்துவிட்டது.
உள்ளே பதினொரு பேரின் துணி, நனைந்தபடி.
வெளியே மைனஸ் ஆறு.

படிக்கட்டில் நின்று நான் யார் யாருக்கோ போன் போட,
லூபோமிர் கழுத்துத் துண்டைச் சுற்றிக்கொண்டு வருகிறார்.
காப்பகத்தில் ஓர் உலர்த்தி இருக்கிறது, நாய்ப் போர்வைகளுக்கு.
முடி ஒட்டும். பரவாயில்லையா?

அவர் வண்டியில் நாய்ச் சங்கிலிகள் கலகலத்தன.
ஈரப் பைகளை ஏற்றினோம், எண் மாறாமல்.

இரண்டாம் அமர்வின் தலைப்பு,
அமைப்புகளுக்கிடையே கூட்டாண்மை.
பதிவேட்டில் எங்கள் இருவர் பெயருக்கும் நேரே
ஆப்சென்ட்.

வால்டெமார்
பச்சைக் கோட்டின் தோளிலிருந்து
ஒரு வெள்ளை முடியை எடுத்து, வெளிச்சத்தில் பிடித்து,
என்ன இனம் என்று கேட்டு,