பதினொன்றேகாலுக்கு உருதுச் சபை

வெள்ளிக்கிழமைகளில் எனக்கு சவுண்ட் ஊழியம்.
ஷார்ஜா யர்மூக்கில்
மணிக்கணக்குக்கு வாடகை ஓடும் ஒரு கூடம்.
ஒன்பதரையிலிருந்து பதினொன்று பத்துவரை தமிழ்,
பதினொன்றேகாலுக்கு உருது,
பிறகு தகலாக், பிறகு வேறு யாரோ.
கர்த்தர் நாள் முழுதும் அங்கேயே இருக்கிறார்,
நாங்கள்தான் ஷிப்டில் வருகிறோம்.

டிரம்ஸ், கீபோர்டு, பாடகர் ஆறு பேர்,
முன்வரிசையிலிருந்து
இன்னும் ஏற்று, இன்னும் ஏற்று என்று
கையை உயர்த்தும் ஜெபராணி அக்கா.
காணிக்கை, அறிவிப்பு, மறுபடி அறிவிப்பு:
வெள்ளை இன்னோவா வழியை மறித்து நிற்கிறது.
மூச்சுவிடக் கிடைக்கும் இடத்தையும்
யாரோ ஒரு அல்லேலூயா வைத்து அடைத்துவிடுகிறார்.
குறை சொல்லவில்லை.
ஆறு நாள் வாய் திறக்காமல் சம்பாதிக்கிற ஜனம்,
ஒரு நாள் சத்தம் போடட்டும்.

எனக்குத்தான் சத்தம் போதும்.
அல் நஹ்தா மொட்டைமாடிகளில்
சில்லர் யூனிட்டுகளுக்கு நடுவே வேலை.
அறைக்கு வந்தால் எட்டுக் கட்டில், எட்டு போன்,
ஏழு மனைவிகள், ஒரு அம்மா,
எல்லாரும் ஸ்பீக்கரில்.
அறைக்குள் போய்க் கதவைப் பூட்டி
அந்தரங்கத்தில் பேசச் சொன்னவருக்கு
பங்க் கட்டில் தெரியாது என்று
கொஞ்ச நாள் கோபமாய் இருந்தேன்.
தலை சாய்க்கவே இடமில்லாதிருந்தவர் அவர் என்பது
பிறகுதான் உறைத்தது.
எங்கள் அறையில் பூட்டு உள்ள கதவு
குளியலறைக்கு மட்டும்.
நான்கு நிமிடம். ஐந்தாவதில் தட்டுவார்கள்.

கமிட்டியில் கேட்டேன்:
ஆராதனையில் ஐந்து நிமிடம் மௌனம்.
பின்னணிக் கீபோர்டும் வேண்டாம்.
செயலர் ஞானதிரவியம் கண்ணாடியைக் கழற்றினார்.
"புதுசா வர்றவங்க
மைக் ரிப்பேர்னு நெனைப்பாங்களே, தம்பி."
பொருளாளர் கணக்குப் போட்டார்,
ஐந்து நிமிடத்துக்கு வாடகை இருபத்தைந்து திர்ஹம்.
"காசு கொடுத்துச் சும்மா இருக்கவா?"
போதகர் ஒன்றும் சொல்லாமல்
டீக்கோப்பை மேஜையில் விட்ட ஈர வட்டத்தை
விரலால் பெரிதாக்கிக்கொண்டிருந்தார்.
இரண்டு நிமிடம் கிடைத்தது. பரீட்சார்த்தமாக.

பிரசங்கம் முடிந்ததும்
பதினாறு ஃபேடரையும் ஒவ்வொன்றாய் இறக்கினேன்.
இருமல். சிப்ஸ் பொட்டலம்.
"முடிஞ்சிடுச்சா?" என்றது ஒரு குழந்தை.
அப்புறம் கூரை டக்டிலிருந்து ஒரு கிரீச்,
நான்கு நொடிக்கு ஒருமுறை.
ப்ளோயர் பெல்ட் தளர்ந்திருக்கிறது.
கண்ணை மூடியிருக்கிறேன்,
என் காது வேலைக்குப் போய்விட்டது.
ஆண்டவரே, திரும்பக் கூப்பிடும்.
கிரீச்.
கூப்பிடும்.
கிரீச்.

நைட் டூட்டி முடித்து நேரே வந்த
டிரெய்லர் ஓட்டுநர் அருமைநாயகம்
கடைசி வரிசையில் குறட்டைவிடத் தொடங்கினார்.
யாரும் எழுப்பவில்லை.
ஜெபராணி அக்காவின் கை பழக்கத்தில் மேலே எழுந்தது,
பாதியில் நின்றது,
கொஞ்ச நேரம் எங்கே வைப்பதென்று தெரியாமல்
மடிக்கு வந்தது.

இரண்டு நிமிடம் ஆயிற்று.
போதகர் ஆமென் சொல்லவில்லை.
மூன்று. பொருளாளர் கடிகாரத்தைப் பார்த்தார்.
ஐந்து. பார்க்கவில்லை.

பதினொன்று பத்துக்குக் கதவு திறந்தது,
உருதுக்காரர்கள்.
வாசலில் தயங்கி
யாரோ இறந்துவிட்டார்களோ என்பதுபோல் பார்த்து
ஒவ்வொருவராய் உள்ளே வந்து
எங்கள் இடைவெளிகளில் உட்கார்ந்தார்கள்.
டோலக் கொண்டுவந்தவர் அதை மடியில் கிடத்தி
தவறிக்கூட ஒலித்துவிடாதபடி
தோலின்மேல் உள்ளங்கையை விரித்து வைத்தார்.
என் விரல் முதல் ஃபேடரிலேயே இருந்தது.
ஏற்றவில்லை.

நான் என்ன ஜெபித்தேன் என்று கேட்காதீர்கள்,
பாதிக்கு மேல் பெல்ட்தான்.

மறுவாரம் சீக்கிரமே போய் அதை மாற்றினேன்.
இப்போது அந்தச் சத்தமும் இல்லை.
கொஞ்சம் பயமாக இருக்கிறது.