வழக்குச் சொத்து

ஃபைல் பீரோவுக்கும் ஜன்னலுக்கும் நடுவே
நான்கு தொட்டிகள்.
பெயின்ட் வாளியை அறுத்துச் செய்தவை.
ஒரு சாண்கூட வளராத செடிகள்.
ஒவ்வொன்றின் கழுத்திலும் அட்டை:
குற்ற எண், தேதி, என் கையெழுத்து.

காரைக்குடி, செக்காலைப் பக்கம் ஒரு மாடியறை.
ஜன்னலைக் கறுப்புத் தாளால் அடைத்து
ஊதா விளக்கில் வளர்த்திருந்தான்
வயிரவன், பாலிடெக்னிக் மூன்றாம் ஆண்டு.
விளக்கை அரக்கு வைத்துப் பூட்டியாயிற்று.
செடிக்கு அரக்கு வைக்க முடியவில்லை.

"கோர்ட் உத்தரவு வர்ற வரைக்கும் சாகக் கூடாது"
சொல்லிவிட்டு இன்ஸ்பெக்டர் ஜீப் ஏறினார்.
கஞ்சாவுக்குத் தண்ணீர் ஊற்றுவது
எந்தப் பணி விதியில் வருகிறதென்று
ஏட்டு சூசைமாணிக்கம் இன்னும் தேடுகிறார்,
சிரிப்பை மீசைக்குள் வைத்துக்கொண்டு.

மூன்றாம் நாள் இலைகள் தொங்கின,
விரல் ஐந்தையும் கீழே விட்டு,
விசாரணை முடிந்து
பெஞ்சில் உட்காரவைத்த ஆளின் கை மாதிரி.
ஊற்றினேன்.
நான்காம் நாள் இன்னும் தொங்கின.
இன்னும் ஊற்றினேன்,
நாங்கள் குடிக்க வைத்திருந்த
சம்பை ஊற்றுத் தண்ணீர்.

நான் திருவாடானைக்காரி.
எங்களுக்கு வாடலுக்கு ஒரே அர்த்தம்தான்.
தண்ணீர் அதிகமாகி ஒன்று சாகும் என்று
யாராவது சொல்லியிருந்தால்
குடத்தோடு சிரித்திருப்போம்.

ஆறாம் நாள் அடியிலைகள் மஞ்சள்.
மண்ணில் அடைத்த சாக்கடை நாற்றம்.
முதல் தகவல் அறிக்கையின் மேல்
கொசுவிலும் சின்னதாய்க் கறுப்பு ஈக்கள்
குற்றவாளியின் பெயரில் உட்கார்ந்து எழுந்தன.

பத்து மணிக்கு வயிரவன் வந்தான்.
கண்டிஷன் பெயில்; தினம் ஒரு கையெழுத்து.
பேனாவைத் திறந்தபடி தொட்டிகளையே பார்த்தான்.
"ஒண்ணு சொன்னாக் கோவிக்க மாட்டீங்களே மேடம்?"
"கையெழுத்தப் போடு."
போட்டான்.
"தாகமில்ல அதுக்கு. வேருக்கு மூச்சு முட்டுது.
தொட்டியத் தூக்கிப் பாருங்க.
கனமா இருந்தா விட்டுருங்க.
லேசானா மட்டும்..."

"அட, இதையே வாக்குமூலமா எழுதிக்கலாம் போலயே"
என்றார் ஏட்டு.
பையனின் வாய் சட்டென்று மூடிக்கொண்டது.
தாள் என் முன்னால்தான் இருந்தது.
பேனாவும்.
எழுதவில்லை.
அவன் படியிறங்கும் சத்தம் கேட்டது,
கடைசிப் படியை மட்டும் தாண்டிக் குதித்தான்.

எல்லோரும் சாப்பிடப் போனபின் தூக்கினேன்.
ஈரச் சிமென்ட் மாதிரி கனம்.
கவிழ்த்துப் பார்த்தால்
வாளியின் அடியில் ஒரு துளை இல்லை.
கோப்புக் கட்டும் குத்தூசியை எடுத்து
நான்கிலும் குத்தினேன்.
தேநீர் நிறத்தில் இறங்கிய தண்ணீர்
தரையோடு ஊர்ந்து
கைதி அறைக் கம்பி வரை போனது.
சாட்சியத்தைச் சிதைத்த குற்றம் இதில் சேருமா?
யாரிடம் கேட்பது.

அதன்பின் ஊற்றாமல் இருப்பதுதான் வேலை.
கை தானாய்க் குடத்துக்குப் போகும்.
திருப்பிக் கொண்டுவருவேன்.
தொங்குவதைப் பார்த்துக்கொண்டே
சும்மா இருக்க எந்தப் பயிற்சியிலும் சொல்லித்தரவில்லை.
காலையில் ஒருமுறை, பணி முடியும்போது ஒருமுறை
தூக்கிப் பார்ப்பேன்.
சட்டத்துக்கும் எடைதான் கணக்கு;
கிராமுக்கு இத்தனை மாதம்.
என் கைக்கு அந்தக் கணக்கு தெரியாது.

இரண்டு செத்தன.
பதிவேட்டில், இருப்பு: இரண்டு.
நிலை என்ற கட்டத்தில் என்ன எழுதுவதென்று
ஒரு மதியம் முழுக்க விட்டுவைத்தேன்.
பன்னிரண்டாம் நாள், மூன்றாம் எண் தொட்டியில்
ஓர் இலை தரைக்கு இணையாக நின்றது.
ஏட்டைக் கூப்பிட்டுக் காட்டினேன்.
"ப்ரமோஷன் கொடுத்துரலாம்" என்றார்.

இன்று உத்தரவு வந்துவிட்டது.
மாதிரி எடுத்து, படம் பிடித்து,
மீதியை எரித்து அழிக்கவும்.
நேரம்: பிற்பகல் மூன்று.

பத்துக்கு இன்னும் ஐந்து நிமிடம்.
வயிரவன் வரவில்லை.
மூன்றாம் எண்ணைத் தூக்கினேன்.
லேசாக இருந்தது.

அரை டம்ளர் ஊற்றினேன்.