புள்ளி

ஏகாம்பரம் வீதியில் கடைக் கதவை
நான் அரைவாசி தூக்கும்போதே நின்றிருந்தா
குணநாயகியக்கா. கையில் சாறிக்கடைப் பை,
பைக்குள் லப்டொப்.
"ஒன் பண்ணிப்போட்டுத் தேத்தண்ணி குடிச்சு
கோப்பையும் கழுவி வைச்சிட்டு வரலாம் தம்பி.
அப்பவும் வட்டம்தான் சுத்துது."

அடிமூடியைக் கழற்றினேன்.
திருக்கடலூர் மணல், நைலோன் நூல்,
விசிறியில் ஒட்டிக் காய்ந்த ஒரு செதில்.
"விளைமீன்" என்றா, குனியாமலே.
எனக்கு விளங்காதது விசைப்பலகைதான்.
மற்ற எழுத்துகள் மங்கியிருந்தன, அவ்வளவே.
அரைப்புள்ளி மட்டும்
தேய்ந்து வழுக்கையாய் மினுங்கியது.
ஆர் இவ்வளவு அரைப்புள்ளி போடுவது?

நினைவகம் இரண்டு ஜீபீ.
ஒரு வேலையும் இல்லாமலே டிஸ்க் நூறு வீதம் ஓடியது.
உள்ளே மூன்று வைரஸ் காவலர்கள்,
ஒருத்தரை ஒருத்தர் நம்பாமல்,
போகிற வருகிற கோப்பையெல்லாம் இறக்கி நிறுத்தி
அடையாள அட்டை கேட்டுக்கொண்டிருந்தார்கள்.
ஒன்றைத் திறந்தேன். திரை வெளிறியது.
மேலே ஒரு சொல்: பதிலளிக்கவில்லை.
"கச்சேரியும் இப்பிடித்தான்..." என்று தொடங்கி
விட்டுவிட்டா.

டிஸ்கில் காது வைத்தேன். டிக். டிக்.
"சாகப்போகுது அக்கா. புதுசு போட்டு
எல்லாத்தையும் முதலிலிருந்து ஏத்தவேணும்."
"அப்ப இருக்கிறது?"
"வேண்டியதை வெளியில எடுத்து வைப்பன்."
"சங்கத்துக் கடிதம் மட்டும் காணும்.
மகளின்ர கலியாணப் படமெல்லாம் அவளிட்ட இருக்கு."

பதினொரு வருடம், முந்நூற்றிப் பன்னிரண்டு கடிதம்.
மொத்தம் சேர்த்தும் ஒரு பாட்டின் கனமில்லை.
அதை எடுக்க மத்தியானமாகிவிட்டது.

புது டிஸ்கைப் பூட்டினேன்.
அழித்துவிட்டு ஏற்றவா என்று திரை கேட்டது.
இந்த இடத்தில் எப்போதும்
கையை ஒருமுறை காற்சட்டையில் துடைப்பேன்.
எண்ணிக்கை மெல்ல ஏறியது.
அறுபத்துநாலு வீதத்தில் கரண்ட் போனது.
பற்றரி எப்போதோ செத்த மெஷின்.
கரண்ட் வரக் காத்திருந்தபோது
கோட்டைப் பக்கத்து மானொன்று வாசலுக்கு வந்து
டிஸ்க் வந்த மட்டைப் பெட்டியைச் சப்பித் தின்றது.
உத்தரவாதச் சீட்டு உள்ளே இருந்தது.

திரும்ப முதலிலிருந்து.

நாலரைக்கு அக்கா வந்தா.
பதினொரு செக்கனில் திரை விரிந்தது.
சிரித்தா. கடிதமொன்றைத் திறந்து காட்டினேன்:

Iah,
ehq;fs;

"தம்பி," என்றா, குரல் இறங்கி,
"ஆர் இதைத் திண்டது?"
எனக்கும் ஒரு கணம் வயிறு கலங்கியது.
கீழே பார்த்தேன். kPd; என்று இருந்தது. tiy என்று இருந்தது.
பிறகுதான் கண்டேன், வரிக்கு வரி
எழுத்துகளின் காலடியில் அரைப்புள்ளி.
எங்கெல்லாம் ஒரு மெய்யெழுத்து மூச்சடக்குமோ
அங்கெல்லாம் அவவின் சின்னவிரல்
குத்திய புள்ளி.

பாமினி!
எழுத்துருவை ஏற்ற மறந்திருந்தேன்.
இப்போது ஆரும் கேட்பதில்லை.
மேசை லாச்சிக்குள் தேடி, பழைய பென்ட்ரைவில் எடுத்துப் போட்டேன்.
Iah ஐயா ஆனார்.
ehq;fs; நாங்கள் ஆனோம்.
கடலில் மீனும் கையில் வலையும் திரும்பி வந்தன.

அக்கா வாய்விட்டு வாசித்தா:
"சுருக்குவலைக்காரர் எங்கள் கரைக்குள் வருவது தொடர்பாக
இத்துடன் ஏழாவது தடவையாக அறியத்தருகிறேன்."
எவ்வளவு காசு என்று கேட்கவில்லை.
என்னை எழுப்பிவிட்டு என் கதிரையில் இருந்தா.
ஏழாவதை அழித்தா.
எ. ட.
சின்னவிரல் வழுக்கை விசைக்குப் போனது. ட்.
எட்டாவது.
"கெதியாத்தான் வருது," என்றா. "திகதியையும் மாத்துவம்."

இரண்டு பிரதி அடித்துக் கொடுத்தேன்.
ஒன்று கச்சேரிக்கு, ஒன்று தனக்கு.
இரண்டையும் சாறிப் பைக்குள் ஆழமாய்ச் செருகி,
மான் போய்விட்டதோ என்று எட்டிப் பார்த்துவிட்டுத்தான்
படியிறங்கினா.