ஒட்டுத்தாளில் என் எண்

போலந்திலிருந்து வந்த மிட்டாய்க்கு
உலான்பாத்தரில் வாய் கிடையாது.
உறையில் ஒரு நாரை, நாலு வரி எழுத்து,
எழுத்துகளின் தலையிலும் காலிலும் கொக்கிகள்.
இங்கே ஒருவருக்கும் புரியாது.
புரியாததை விற்கக் கூடாது என்கிறது சட்டம்.

ஆகவே வாடகைக் கிடங்கில்
ரேடியேட்டருக்கு முதுகைக் கொடுத்து உட்கார்ந்து
நானும் நாத்தனார் என்ஹ்சுலும் ஒட்டுகிறோம்.
இருபத்திரண்டாயிரம் பொட்டலம்.
கட்டைவிரல் அகலத் தாளில்
கோகோ, சர்க்கரை, உலர்ந்த ப்ளம் பழம்,
எந்தத் தேதிக்குள் தின்ன வேண்டும்,
இறக்குமதி செய்தவர்: சரந்துயா.
அதன் கீழே தொலைபேசி எண்.
அலுவலகம் என்று ஒன்று இல்லாததால்
என் கோட்டுப் பைக்குள் அதிரும் எண்.

நௌஷ்கி எல்லையில் பதினேழு நாள் நின்றது சரக்கு.
ஏதோ ஒரு காகிதத்தில்
ஏதோ ஒரு முத்திரை சாய்ந்திருந்ததாம்.
வெளியே மைனஸ் முப்பத்தெட்டு.
பெட்டிக்குள் எவ்வளவு என்று
ப்ளம் பழத்தைத்தான் கேட்க வேண்டும்.
அந்தப் பதினேழு நாளும்
உறையாமல் ஓடியது வட்டி மட்டும்.

பாதிப் பெட்டி எனக்கு,
மீதி கன்சோரிக்கின் குளியலறை ஓடுகளுக்கு.
ஓடுகளுக்குக் காலாவதித் தேதி இல்லை.
அவன் தூங்கினான்.

மொத்தக் கடை தவாசுரேன் நாரையைத் திருப்பிப் பார்த்தான்.
"ரஷ்ய மிட்டாய் தெரியும், கொரிய மிட்டாய் தெரியும்.
இது யார்?"
தின்று பார் என்றேன்.
மென்றான். முகத்தில் ஒன்றும் எழுதவில்லை.
"கொட்டை பல்லில் படாதே?"
படாது.
"ஐம்பது பெட்டி இறக்கு. காசு வெள்ளை மாதம் கழிந்து."

வெள்ளை மாதம்.
செருப்படி வடிவ ரொட்டிகளை
ஒற்றைப்படையில் அடுக்கி
உச்சியில் காய்ந்த தயிர்க்கட்டி, கற்கண்டு, மிட்டாய்.
அந்த உச்சியில் ஒரு கைப்பிடி இடம்,
அதற்காகத்தான் இத்தனை ரயில்.

பிறகு அழைப்புகள் வரத் தொடங்கின.

ஒருவன் வாடகைக்கு வீடு கேட்டான்.
ஒருவன் இரவு இரண்டு மணிக்குப்
பேசாமல் மென்றுகொண்டே இருந்தான், வைத்துவிட்டான்.
உல்கீயிலிருந்து குல்ஷாத் என்ற கசாக் பெண்
ஜெலட்டின் இருக்கிறதா, எந்த மிருகத்துடையது என்றாள்.
எழுந்து, விளக்கைப் போட்டு,
ஒட்டுத்தாளை முதலிலிருந்து கடைசிவரை படித்தேன்.
தூரத்து ஊர்க் கடிதத்தைக் கேட்பதுபோல்
நடுவில் மூச்சுகூட விடாமல் கேட்டாள்.
"இன்னொரு முறை," என்றாள்.

நான் பயந்த அழைப்பு
மந்தல்கோவியிலிருந்து வந்தது. லாரி ஓட்டுபவர்.
"அக்கா, உறையைப் பிரித்தால் வெள்ளையாக இருக்கிறது.
பூசணம் பூத்திருக்கிறது."
பூசணம் இல்லை, நான் சொன்னேன்.
குளிரிலிருந்து சூட்டுக்கு வந்ததும் வியர்த்திருக்கிறது,
வியர்வை காய்ந்த சட்டையில் உப்புப் பூக்குமே,
அதுபோலச் சர்க்கரை பூத்திருக்கிறது.
உனக்கு எப்படித் தெரியும் என்றார்.
எனக்குத் தெரியாது. நேற்றுதான் படித்தேன்.
அதைச் சொல்லாமல்
கிடங்கில் ஒன்றைப் பிரித்து, அவர் காதுக்குள்ளேயே கடித்தேன்.
முதலில் மணல். பிறகு ப்ளம்.
அந்தப் பக்கமும் ஒரு கடி சத்தம்.
நாங்கள் இருவரும் நானூறு சொச்சம் கிலோமீட்டர்
என்று சொல்ல ஆசைதான், முந்நூறுகூட இருக்காது,
அவ்வளவு தூரத்தில் சேர்ந்து மென்றோம்.

"சரி," என்றார். "வெள்ளை மாதத்துக்கு வெள்ளை, பொருத்தம்தான்."
என் தொண்டை இளகியது.
"ஆனால் விலையைக் குறை."

குறைத்தேன். பதினைந்து சதவீதம்.
தவாசுரேனுக்கும் அது எட்டிவிட்டது,
இருபது கேட்கிறான்.

அடுத்த சரக்குக்கு ஒட்டுத்தாள் அச்சடிக்க வேண்டும்.
அடியில் அரை விரல் இடம் மிச்சம்.
வெள்ளையாக இருந்தால் பயப்படாதீர்கள், கடித்துப் பாருங்கள்
என்று ஒரு வரி சேர்க்கச் சொன்னேன்.
சட்டம் அதைக் கேட்கவில்லை, தடுக்கவும் இல்லை.
அச்சகக்காரன் மட்டும்
அந்த வரிக்குத் தனியாகக் காசு என்கிறான்.
பேரம் நடக்கிறது.
கோட்டுப் பை மறுபடி அதிர்கிறது.