கயிற்றில் மூன்று முடிச்சு

வயோமிங்கில் மார்ச் மாதம் கடைக்கதவைத் திறந்தால்
பனி முதலில் உள்ளே வரும், ஆள் பிறகு.
மைத்தே எட்செவெரி வந்தாள்.
வைக்கோல் கட்டும் ஆரஞ்சுக் கயிறு
கழுத்தில் துண்டுபோலக் கிடந்தது.
"லீவர் ரைபிள். முந்நூற்று ஐம்பத்தேழு.
என் ரிவால்வர் தின்பதையே இதுவும் தின்னட்டும்.
இருட்டில் பெட்டி மாற்றித் துழாவ
ஆடு ஈனும் மாதத்தில் எனக்கு நேரமில்லை."

மூன்றை எடுத்து மேசைமேல் வைத்தேன்.
பதினாறு அங்குலக் குழல். இருபது.
இருபத்துநாலு, எட்டுப்பட்டை,
என் மனசுக்குப் பிடித்தது,
இரண்டு வருஷமாக விற்காதது.

கண்ணாடிக்கு அடியில் ஒரு தாள்.
போன அக்டோபரில் கடைக்குப் பின்னால்
வேகமானி வைத்து நானே சுட்டு நானே எழுதியது.
படித்துக் காட்டினேன்.
நாலு அங்குல ரிவால்வரில்
நொடிக்கு ஆயிரத்து இருநூற்றைம்பது அடி.
பதினாறில் ஆயிரத்து எழுநூற்றைம்பது.
இருபதில் அதற்குமேல் ஐம்பது.
இருபத்துநாலில்...
"சொல்லு, டெல்மர்."
எட்டு.

கைத்துப்பாக்கிக்கு அளந்த மருந்து அது,
சுள்ளிபோலக் குப்பென்று பற்றி
பதினாறைத் தாண்டுமுன் ஏறக்குறையத் தீர்ந்துவிடும்.
மிச்சக் குழல்
அடுப்பணைந்த வீட்டுக்கு உயரமான புகைபோக்கி.
ஆனாலும் நீளத்துக்கு வக்கீலாக நின்றேன்:
குறிமுள் தள்ளி நிற்கும், கண்ணுக்குச் சுகம்.
முன்பாரம் உண்டு, மூச்சிரைத்தாலும் ஆடாது.
அடிக்குழாயில் நாலு தோட்டா கூடுதல்.

அவள் கயிற்றை நீட்டிப் போட்டாள்.
மூன்று முடிச்சு.
"இது டிரக்கில் கியருக்கும் கதவுக்கும் நடுவே.
இது கொட்டகைச் சந்து. ஒரு கையில் குட்டியோடு
திரும்பியாக வேண்டும்."
பதினாறு உள்ளே அடங்கியது.
இருபது ஒரு விரற்கடை மீறியது.
மூன்றாவதை அவள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

பிறகு கேட்டாள்: "எதில் சத்தம் குறைவு?"

இருபத்திரண்டு வருஷம் இந்த மேசைக்குப் பின்னால்.
எவ்வளவு தூரம் என்பார்கள், எவ்வளவு வேகம் என்பார்கள்.
இதை ஒருத்தரும் கேட்டதில்லை.

"வருவது ஒரு கயோட்டி. மிரள்வது அறுநூறு ஆடு.
மிரண்ட தாய், ஈன்றதை நக்காமல் விலகும்.
நக்காத குட்டி விடிவதற்குள் விறைக்கும்."

நீண்டதில்தான் என்றேன். உண்மை அதுதான்,
வெடிக்கும் வாய் காதைவிட்டுத் தள்ளிப் போகிறது.
அவள் இருபத்துநாலைப் பார்த்தாள். கயிற்றைப் பார்த்தாள்.
வாசற்படியில் இடித்துக்கொள்ளும் அழகு.

அப்போதுதான் கீழ்த்தட்டில் தூசியோடு கிடந்த
முப்பத்தெட்டு ஸ்பெஷல் நினைவுக்கு வந்தது.
அதே குழலில் போகும் குட்டைத் தோட்டா.
கனத்த குண்டு, சோம்பேறி மருந்து,
பதினாறிலும் ஒரு கைதட்டல், அவ்வளவே.
"ரிவால்வருக்கும் ஆகுமா?"
ஆகும்.
என் தாளில் அதற்கு ஒரு வரிகூட இல்லை.

படிவம், தொலைபேசி, காத்திருப்பு, இரண்டு காப்பி.
ஈரக் கையுறையோடே பணத்தை எண்ணி வைத்தாள்.
வாசலில் மறித்துக் கேட்டேன்:
அந்த மூன்றாவது முடிச்சு?
"அதுவா, கயிறே அப்படித்தான் வந்தது."

கடையடைத்ததும்
விற்காததையும் இருபதையும் வெளியே எடுத்துப் போனேன்.
முப்பத்தெட்டில் ஐந்தைந்து.
நீண்டதில் வேகம் பன்னிரண்டடி குறைவு.
மருந்து தீர்ந்த இடத்திலிருந்து குண்டு
கைக்காசைப் போட்டு நடக்கிறது.
சாண் ஏறினால் முழம் சறுக்குவது
எஃகுக்கும் தெரிந்திருக்கிறது.

எழுதிவைத்தேன். பக்கத்தில் இன்னொரு கட்டம் கட்டி
சத்தம் என்று தலைப்பிட்டேன்.
எதைக்கொண்டு அளப்பது?
வெடித்த பிறகும்
படுத்த இடத்தைவிட்டு எழாத ஆடுகள், எத்தனை.

வியாழக்கிழமை தீவனம் வாங்க வருவாள்.
கேட்க வேண்டும்.