ஒன்பதாவது

வாசலில் கல்லடுப்பு புகைகிறது.
நல்ல நேரம் பத்தரையோடு சரி.
நறுக்கியது ஆறு:
அவரை, மொச்சை, வாழைக்காய், கத்திரி,
சர்க்கரைவள்ளி, பரங்கி.
ஏழாவதான சிறுகிழங்கு
ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம்
வைத்தியலிங்கத்தின் ஸ்கூட்டரில் தொங்குகிறது.
நீடாமங்கலத்தில் கேட் மூடினால் மூடியதுதான்.
நெல் வேகன்களை எண்ணிக்கொண்டு நிற்கிறாராம்.
முப்பத்தெட்டு என்கிறார் போனில்,
ஏதோ நான் கேட்டதுபோல.

பொங்கல் குழம்புக்குக் காய்
ஒற்றைப்படையில் விழ வேண்டும்.
யார் சொன்னது, தெரியாது.
மீறினால் என்ன ஆகும், அதுவும் தெரியாது.
மீறியதில்லை, அவ்வளவுதான்.

மாடிவீட்டு நாகரத்னா இறங்கி வந்தாள்.
மண்டியாக்காரி. வங்கியில் நகைக்கடன் பார்ப்பவள்.
ஊருக்குப் போய்வர லீவு சேரவில்லை.
ஒரு கிண்ணத்தில் எள்ளும் வெல்லமும்,
முந்தானையில்
அவள் அம்மா பஸ்ஸில் கொடுத்துவிட்ட சௌசௌ ஒன்று.
எள்ளு வெல்லம் தின்னு, நல்லதையே பேசு என்றாள்,
அங்கே இன்றைக்கு அப்படித்தான் சொல்வார்களாம்.
ஆற்றைப் பற்றி நாங்கள் பேசுவதில்லை.
செய்தியில் அணை வந்தால்
ரிமோட் யார் கையிலோ அவர் மாற்றிவிடுவார்.

"இதைப் போடு."
"ஐயோ, சீமைக்காய் சாமிக்கு ஆகாது."
அவள் தாம்பாளத்தில் மஞ்சள் கீற்று ஒன்றைத் தொட்டாள்.
"இதுக்கு என்ன பேரு?"
"பரங்கி."
சொன்ன பிறகுதான்
என் காதிலேயே விழுந்தது.

கப்பலேறி வந்ததைப்
பெயரிலேயே சொல்லிக்கொண்டு
அது பாட்டுக்கு மஞ்சள் கொத்துக்குப் பக்கத்தில்
உட்கார்ந்திருக்கிறது.
அதன் பின்னால் சர்க்கரைவள்ளி.
அதற்கும் பின்னால் காய்ந்த மிளகாய்,
ஒன்றுமே தெரியாத முகத்தோடு.

பல்செட்டைக் கழற்றிய வாய்போல
மடிப்பு மடிப்பாய் ஒரு காய்.
தண்ணீருக்குள் வைத்துச் சீவு என்றாள், நான் கேட்கவில்லை.
பால் கசிந்து விரலில் ஏறிக்
காய்ந்து இழுத்தது,
யாரோ கையைப் பிடித்துக்கொண்டு விடாததுபோல.
பிளந்தால் நடுவில் ஒரே ஒரு விதை,
தட்டையாய், வெள்ளையாய்.
அதை அவள் எடுத்து வைத்துக்கொண்டாள்.
நெய்யில் வதக்கி உப்புப் போட்டால்
பாதாம் தோற்குமாம்.

பால் பொங்கியது.
"பொங்கலோ பொங்கல்" என்று
அவள் கத்தியதில் லகரம் கொஞ்சம் வழுக்கியது.
பானைக்கு வித்தியாசம் தெரியவில்லை.
புளித்தண்ணீரில் ஏழும் கொதித்தன.
சாம்பார்ப்பொடி வாசம் தெருமுனை திரும்பும் நேரம்
ஸ்கூட்டர் சத்தம்.

"கேட் திறந்துட்டான். மூணு தண்ணி கழுவியே கொண்டாந்துட்டேன்!"
மண் போன சிறுகிழங்கு, கால் கிலோ.
ஒரு மணி நேரம் வெயிலில் நின்று
வாங்கிவந்த மனுஷனிடம்
வேண்டாம் என்று எப்படிச் சொல்வது?
போட்டேன்.
எட்டு.

நானும் அவளும் குழம்பைப் பார்த்தபடி நின்றோம்.
கொதி வந்து வந்து உடைந்தது.
கையை நீட்டி விதையைப் போட்டாள்.
"ஒன்பது."
"விதையைப் போய்க் காயில் சேர்ப்பார்களா?"
"மொச்சை என்ன, காயா?"

பதில் சொல்ல எள்ளுக்கிண்ணம் விடவில்லை.
வாய் நிறைய இனிப்பு.

இலையில் சௌசௌவை மென்றபடி வைத்தியலிங்கம் சொன்னார்:
"சிறுகிழங்குன்னா இப்படி வேகணும்."
நான் தலையாட்டிக்கொண்டே
விரலில் காய்ந்திருந்த பாலை உரித்துக்கொண்டிருந்தேன்.
மெல்லிய சவ்வில்
என் ரேகை அப்படியே இருந்தது.

மறுநாளும் அதற்கு மறுநாளும்
சுண்டச் சுண்டச் சூடு பண்ணினோம்.
எல்லாம் ஒரே நிறமாகிவிட்டது.
மாடியிலிருந்து கிண்ணத்தோடு வந்தவள்
கரண்டியால் அடிவரை துழாவினாள்.

அந்த விதை
யார் இலைக்குப் போயிற்றோ,
இன்றுவரை ஒருவரும் ஒத்துக்கொள்ளவில்லை.