தனி வளை

ஐந்து ரோட்டு மெக்கானிக் அப்சல் சொல்லியனுப்பினான்:
பென்சில் நுழைகிற இடத்தில்
எலியும் நுழையும்.

கார்த்திகையில், மலைப்பாதையில்
மூன்றாவது முறை மண் சரிந்த வாரம்
நாகலூர் எஸ்டேட் கொட்டகையில்
வண்டியை ஏற்றி நிறுத்தினோம்.
பழைய வேன். உள்ளே இரண்டு படுக்கை, ஒரு அடுப்பு,
கண்ணாடியைத் தள்ளினால் மடிக்கு வரும் மூடுபனி.
தை வரைக்கும் இதில் தூங்க ஆள் வராது
எலியைத் தவிர.

பென்சிலோடு அடியில் படுத்தேன்.
சாக்கின் ஈரம் முதுகில் ஏறியது.
கேஸ் குழாய் ஓரம் ஒன்று.
தொட்டி வடியும் இடத்தில் இரண்டு.
சக்கரத்துக்கு மேல், துரு தின்ற மடிப்பில்
பென்சில் முழுசாகப் போய்விட,
உள்ளேயிருந்து அதைப் பிடித்து இழுத்து
"வந்திருச்சு" என்றார் இருதயராஜ்.

மொத்தம் பதினேழு.
பாத்திரம் தேய்க்கிற கம்பி நாரைத் திரித்துத் திணித்ததில்
விரல் நுனியெல்லாம் கீறல்.
ரவை, சர்க்கரை, யாரோ குழந்தை சிந்திய முறுக்குத் தூள்
எல்லாம் வெளியே.
அந்துருண்டை வேண்டாம், தலையணை நாறும் என்றார்.
போட்டேன்.

பின்பக்கம் வந்தபோதுதான் கண்ணில் பட்டது,
முதல் தவணை கட்டிய அன்று
லீ பஜாரில் லாரிக்கு எழுதுகிறவரிடம்
மஞ்சளில் நாங்களே எழுதச் சொன்னது:
எலி வளையானாலும் தனி வளை வேண்டும்.

இவ்வளவு பெரிய எழுத்தில் அழைப்பு வைத்துவிட்டு
ஓட்டை அடைத்திருக்கிறேன்.

அப்புறம் இரண்டு மாதம் செவ்வாய்ப்பேட்டை மாடி அறை.
ஆணி அடிக்கக் கூடாது.
பத்து மணிக்கு மேல் மோட்டார் கூடாது.
வீட்டுக்காரர் படியேறும் சத்தம் கேட்டால்
நாங்கள் பேச்சை நிறுத்தி
அசையாமல் இருப்போம்.

பொங்கல் கழித்து இருபது வளைவும் ஏறினோம்.
பதினேழு அடைப்பும் துருவேறி அப்படியே.
மெத்தை சுத்தம். தலையணை நாறியது.
இன்சூரன்ஸ் தாளுக்காக டேஷ்போர்டு பெட்டியைத் திறந்தவர்
கையை எடுக்காமல் நின்றார்.

ஓட்டைகளைக் குறித்து வைத்த என் பட்டியல்
இழை இழையாகக் கிழிந்து, பஞ்சோடு பின்னி
ஒரு கிண்ணமாகியிருந்தது.
ஒரு துணுக்கில் இன்னும் என் கையெழுத்து: "சக்கரத்துக்கு மே".
நடுவில் கண் திறக்காத ஐந்து.
பென்சில் பருமன்கூட இல்லை.

கிளட்ச் கம்பி போகிற துளை.
வருடம் முழுக்க அதன் மேல்தான் கால் வைத்து ஓட்டுகிறார்.

வெள்ளிக்கிழமை ஓசூரிலிருந்து ஒரு குடும்பம்,
முன்பணம் வந்தாயிற்று. இன்று புதன்.

"வெள்ளிக்குள்ள காலி பண்ணிடணும்"
குனிந்து பெட்டிக்குள் சொன்னேன்.
செவ்வாய்ப்பேட்டைப் படியேறி வருகிற குரல் அது.
இருதயராஜ் திரும்பிப் பார்த்தார்.